சமாதானத்தின் விலை: மொசாம்பிக் நாட்டின் வரலாறு உணர்த்தும் உண்மைகள்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்தவ ஒழுக்கவியல் வகுப்பில் மாணவர் ஒருவர் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். "ஐயா, செல்வ நாடுகளின் அரசுகள் கோடிக்கணக்கில் பணம் கொடுத்து ஏழை நாடுகளின் போர்களை நிறுத்துவதாகப் படிக்கிறோம். சமாதானத்தை விலைக்கு வாங்க முடியுமா? அவ்வாறு வாங்கியதைச் சமாதானம் என்று சொல்லலாமா?" என்பதே அவ்வினா. வகுப்பிலிருந்தோர் பலரும் 'முடியாது' என உடனே விடை பகர்ந்தனர். நாமும் அன்று அதையே ஆமோதித்து வகுப்பை முடித்துவிட்டோம். ஆயினும் அவ்விடை நமக்கு நிறைவளிக்கவில்லை. பின்னர் மொசாம்பிக் நாட்டின் அண்மைக்கால வரலாற்றைக் கற்றபோது, அவ்வினாவிற்கு அத்துணை எளிதில் விடை கூறிவிட இயலாது என்பதை உணர்ந்தோம். அன்று அவசரத்தில் கூறிய விடையைத் திருத்திக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

ஆட்சி வலுவிழந்து, சட்டம் செல்லாமல், எளிதில் போரில் விழக்கூடிய நிலையிலுள்ள நாடுகளை 'நலிவுற்ற நாடுகள்' என இன்று வழங்குவர். அங்குப் போர் மூளுமுன் தடுக்கவும், மூண்ட போர் ஓய்ந்தபின் ஆட்சியை நிலைநிறுத்தவும் பிற நாட்டு அரசுகள் தம் மக்களின் வரிப்பணத்திலிருந்து நிதி ஒதுக்குவது, 1990-க்குப் பின் உலக அரசியலில் நிலைத்த வழக்கமாயிற்று. ஐக்கிய நாடுகள் அவை 2005-இல் இதற்கென ஓர் ஆணையத்தை நிறுவியது. அமெரிக்கா 2019-இல் தனிச் சட்டமே இயற்றியது. மோதல்களை முன்கூட்டியே தடுப்பதால் ஆண்டுதோறும் சராசரியாக 500 கோடி முதல் 7,000 கோடி டாலர் வரை மிச்சமாகும் என ஐக்கிய நாடுகள் அவையும் உலக வங்கியும் 2018-இல் இணைந்து வெளியிட்ட ஆய்வு கணித்தது. கணக்கு இவ்வாறிருக்க, நடைமுறை எவ்வாறிருந்தது என்பதை ஒரு நாட்டின் வரலாற்றில் வைத்துக் காண்போம்.

1. போரின் வேர்கள்

ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையில், இந்தியப் பெருங்கடலை நோக்கி அமைந்த நாடு மொசாம்பிக். வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டிற்கு வரும் வழியில் இந்நாட்டுக் கரையில் தங்கினார். அன்று தொடங்கிய போர்ச்சுகீசியத் தொடர்பு, பின்னர் ஆதிக்கமாக மாறி 1975 வரை நீடித்தது. 1940-இல் போர்ச்சுகல் அரசு வத்திக்கானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் கத்தோலிக்கத் திருச்சபை குடியேற்ற ஆட்சியுடன் நெருங்கிப் பிணைந்தது. சீர்திருத்தத் திருச்சபைகளோ அரசின் ஐயத்திற்குள்ளாயின. விடுதலை இயக்கமாகிய பிரெலிமோவின் முதல் தலைவர் எதுவார்தோ மொந்லானே, சுவிஸ் பிரஸ்பிட்டேரியன் மிஷனின் கல்வியால் உருவானவர், 1969-இல் கொலையுண்டார். பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் தலைவர் செதெக்கியாஸ் மங்கானியேலா 1972-இல் போர்ச்சுகீசியக் காவலில் உயிர் துறந்தார். இப்பின்னணியை நினைவிற்கொண்டாலன்றி, பிற்காலத்தில் திருச்சபைகள் இரு தரப்பாருடனும் பேச முடிந்ததன் காரணம் விளங்காது.

1975 ஜூன் 25 அன்று நாடு விடுதலை பெற்றது. பிரெலிமோ ஆட்சியமைத்து, 1977-இல் மார்க்சிய-லெனினியக் கொள்கையை அறிவித்தது. மிஷன் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அரசுடைமையாயின. உழவர் பலர் தம் விருப்பத்திற்கு மாறாகக் கூட்டுக் கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். ஊர்த் தலைவர்கள் மதிப்பிழந்தனர். இவ்வாறு உள்ளூரில் மனக்கசப்பு வளர்ந்து வந்த வேளையில், அண்டை நாடான ரொடீசியாவின் வெள்ளையர் அரசு, தன் உளவுத்துறையின் வழியாக ரெனாமோ என்னும் ஆயுதக்குழுவை உருவாக்கியது. 1980-இல் ரொடீசியா சிம்பாப்வேயாக மாறியபின், நிறவெறி பூண்டிருந்த தென்னாப்பிரிக்க அரசு அக்குழுவைத் தாங்கிற்று. 1984-இல் மொசாம்பிக்குடன் உடன்படிக்கை செய்தபின்னும் அதன் மறைமுக உதவி நிற்கவில்லை.

1977 முதல் 1992 வரை நடந்த அப்போரில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் குண்டுகளாலும் பஞ்சத்தாலும் மாண்டனர். 40 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடு வாசலை இழந்தனர். மலாவி என்னும் சிறிய நாடு மட்டும் 10 இலட்சம் அகதிகளை ஏற்றது. ரெனாமோவின் கொடுமைகளை அமெரிக்க வெளியுறவுத் துறைக்காக 1988-இல் எழுதப்பட்ட ஆய்வறிக்கை உலகறியச் செய்தது. அரசுப் படையும் குற்றமற்றதாக இருக்கவில்லை.

இங்கு ஓர் உண்மையைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அயலரசுகளின் பணம் இந்நாட்டிற்குள் முதன்முதல் வந்தது சமாதானத்திற்காக அன்று, போருக்காகவே வந்தது. உள்நாட்டு மனக்கசப்பு விறகாயிற்று. வெளிநாட்டுப் பணம் அதன்மேல் ஊற்றிய எண்ணெயாயிற்று. ஆகவே பிற்காலத்தில் அயலரசுகள் வழங்கிய சமாதான நிதியை நாம் வெறும் தருமமாகக் கருதவியலாது. அதன் ஒரு பகுதியேனும் பழைய கடனைத் தீர்த்ததே எனலாம்.

2. திருச்சபைகள் திறந்த வாயில்

1948-இல் தோன்றிய மொசாம்பிக் கிறிஸ்தவ மன்றம் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பாகும். 1980-களின் நடுப்பகுதியிலேயே இம்மன்றத்தார் அரசை அணுகி, 'ரெனாமோவுடன் பேசுங்கள்' என்று வேண்டினர். 'கொள்ளைக்காரருடன் பேச்சில்லை' என்பதே அன்றைய அரசின் நிலைப்பாடு. அவ்வேளையில் இவ்வாறு கூறுவது தேசத்துரோகமாகவே கருதப்பட்டது. ஆயினும் அவர்கள் பின்வாங்கவில்லை. அதிபர் சமோரா மசேல் 1986-இல் விமான விபத்தில் இறந்தபின் பதவியேற்ற ஜோவாக்கிம் சிசானோ, திருச்சபைத் தலைவர்கள் ரெனாமோவைச் சந்திக்க இசைந்தார்.

ஆங்கிலிக்கன் பேராயர் டினிஸ் செங்குலானேயும், பெய்ராவின் கத்தோலிக்கப் பேராயர் ஜைமே கொன்சால்வெசும் இப்பணியில் முன்னின்றனர். கொன்சால்வெஸ் 1988-இல் காட்டிற்குள் சென்று ரெனாமோ தலைவர் அபோன்சோ டிலகாமாவைச் சந்தித்தார். இருவருக்கும் தாய்மொழி ஒன்றே, ந்தாவு மொழி. அம்மொழியில் தொடங்கிய உரையாடலே ஐயத்தின் இறுக்கத்தைத் தளர்த்திற்று. 1989-இல் நைரோபியில் இரு சபையாரும் இணைந்து ரெனாமோவினரைச் சந்தித்தனர். முன்னர் அரசின் தயவில் வாழ்ந்த கத்தோலிக்கரும், அவ்வரசின் சிறையை அறிந்த சீர்திருத்தச் சபையாரும் ஒரே குழுவாகச் சென்றது தனியே சிந்திக்கத்தக்கது.

பின்னர் உரோமை நகரின் த்ராஸ்தேவெரே பகுதியில், சான்ட் எஜிதியோ என்னும் பொதுநிலையினர் சமூகத்தின் இல்லத்தில், 1990 ஜூலையில் நேரடிப் பேச்சு தொடங்கிற்று. அச்சமூகத்தின் நிறுவனர் ஆந்திரேயா ரிக்கார்டி, அருள்திரு மத்தேயோ சூப்பி, பேராயர் கொன்சால்வெஸ், இத்தாலிய அரசின் சார்பில் மாரியோ ரஃபாயெல்லி ஆகிய நால்வர் நடுநின்றனர். 27 மாதங்கள் பேச்சு நீடித்தது. அத்துணைக் காலமும் தூதுக்குழுவினரின் பயணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றின் செலவைப் பெரும்பாலும் இத்தாலிய அரசு ஏற்றது. 1992 அக்டோபர் 4 அன்று சிசானோவும் டிலகாமாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர்.

பனிப்போர் முடிந்ததும், தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சி தளர்ந்ததும், 1991-92-இல் வந்த கொடிய வறட்சி இரு படைகளையும் பட்டினியில் ஆழ்த்தியதும் இதற்குத் துணைபுரிந்தன என்பதை மறுக்கவியலாது. திருச்சபைகள் மட்டுமே போரை நிறுத்தின என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் வாயிலைத் திறந்தவர் அவர்களே. திறந்த வாயிலில் உள்ளே வந்தது அரசுகளின் பணம். இவ்வரிசைமுறை முக்கியமானது.

3. அயலரசுகளின் நிதி ஆற்றிய பணி

ஒப்பந்தம் கையெழுத்தான அதே வாரங்களில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள அங்கோலா நாட்டில் ஒரு பேரிடர் நிகழ்ந்தது. அதுவும் போர்ச்சுகீசியரிடமிருந்து விடுதலை பெற்று உள்நாட்டுப் போரில் உழன்ற நாடே. அங்கு 1992 செப்டம்பரில், இரு படைகளும் முழுமையாகக் கலைக்கப்படுமுன்னரே தேர்தல் நடத்தப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவை அனுப்பியிருந்த குழு மிகச் சிறியது, நிதியும் சொற்பம். தோற்ற தரப்பார் முடிவை ஏற்க மறுக்க, போர் மீண்டும் மூண்டது. 2002 வரை அது முற்றாக ஓயவில்லை. சிக்கனம் எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

இப்படிப்பினையை உணர்ந்த பாதுகாப்பு மன்றம், 1992 டிசம்பரில் மொசாம்பிக்கிற்குப் பெரியதொரு பணிக்குழுவை அனுப்பத் தீர்மானித்தது. ஏறத்தாழ 6,500 படைவீரர் அதில் பங்கேற்றனர். இந்தியப் படைப்பிரிவினரும் அவருள் இருந்தனர். இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 49 கோடி டாலர் செலவாயிற்று. குழுவின் தலைவர் ஆல்டோ அயெல்லோ, 'படைகள் கலையட்டும், தேர்தல் பின்னர் வரட்டும்' என்பதில் உறுதியாக நின்றார். 1993-இல் நடக்கவேண்டிய தேர்தல் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது.

நிதி எவ்வழிகளில் செலவாயிற்று என்பதை ஆராய்வோம். முதலாவது, ரெனாமோவை அரசியல் கட்சியாக மாற்றுவதற்கெனத் தனி நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அதற்கு மிகுதியாக வழங்கியது இத்தாலி. காட்டிலிருந்து வந்தவர்கள் தலைநகர் மபூடோவில் வீடும் அலுவலகமும் வாகனமும் பெற அந்நிதி உதவிற்று. மேலும், டிலகாமா தம் ஆதரவாளரைப் பேணுவதற்கென மாதந்தோறும் 3 இலட்சம் டாலர் ஓராண்டுக்குச் சற்றே மேற்பட்ட காலம் வழங்கப்பட்டது. இதனை இலஞ்சம் என்று கூறுவோர் உளர். அவர்கள் கூற்றைத் தள்ளிவிட இயலாது. குழந்தைகளின் கையில் துப்பாக்கி கொடுத்த ஓர் இயக்கத்திற்கு மாளிகை வாடகை கொடுப்பதா என்ற வினா நம் மனச்சான்றையும் குத்துகின்றது. ஆனால் தன்னை நம்பிய பல்லாயிரம் வீரருக்கு ஒன்றும் கொடுக்கவியலாத ஒரு தலைவன், மீண்டும் காட்டிற்குத் திரும்புவான் என்பதையும் அங்கோலா காட்டிவிட்டது. இவ்விரு தீமைகளில் சிறியதை அயெல்லோ தெரிந்துகொண்டார்.

இரண்டாவது, 49 முகாம்களில் இரு தரப்பிலும் ஏறத்தாழ 90,000 வீரர்கள் பதிவு செய்யப்பட்டனர். புதிய தேசியப் படைக்கு 30,000 பேர் தேவையென ஒப்பந்தம் வகுத்திருந்தது. முன்வந்தவரோ ஏறத்தாழ 12,000 பேர் மட்டுமே. ஏனையோர் வீடு திரும்பவே விரும்பினர். விடுவிக்கத் தாமதமானபோது சில முகாம்களில் கலகமும் எழுந்தது. சமாதானத்தின்மேல் அவர்களுக்கிருந்த ஆவலைப் பணம் உண்டாக்கவில்லை. அது முன்னரே இருந்தது. வீடு திரும்பியோருக்கு முதல் 6 மாதங்கள் அரசும், அடுத்த 18 மாதங்கள் அயல்நாட்டு நிதியும் உதவித்தொகை வழங்கின. அத்தொகை அவரவர் தெரிந்துகொண்ட மாவட்டத்தின் வங்கியிலேயே கொடுக்கப்பட்டது. ஆகவே வேலையற்ற வீரர் தலைநகரில் திரளாமல் ஊர்களுக்குச் சென்றனர். ஊரில் அவர்களை ஏற்றவர்கள் மருத்துவச் சடங்கு செய்வோரும், சிறு சபைகளின் போதகரும், உறவினருமே. இரத்தக்கறை படிந்து வந்த இளைஞனைத் தூய்மைப்படுத்தி, மீண்டும் 'மகனே' என்றழைக்கும் பணிக்கு எந்த நிதிநிலைக் குறிப்பிலும் இடமில்லை.

1994 அக்டோபர் 27 முதல் 29 வரை தேர்தல் நடந்தது. சிசானோ 53 விழுக்காடும், டிலகாமா 34 விழுக்காடும் பெற்றனர். நாடாளுமன்றத்தில் பிரெலிமோவிற்கு 129 இடங்களும், ரெனாமோவிற்கு 112 இடங்களும் கிடைத்தன. ரெனாமோ முடிவை ஏற்றது. விலை உயர்ந்ததாயினும், அது பயனற்றுப் போகவில்லை.

மூன்றாவதாகக் கண்ணிவெடி அகற்றும் பணியைக் கூறலாம். 1993-இல் தொடங்கிய இப்பணிக்குப் பல அரசுகள் சலியாது நிதியளித்தன. ஹாலோ என்னும் நிறுவனத்தார் மட்டுமே 1,71,000 கண்ணிவெடிகளை அகற்றினர். 2015 செப்டம்பரில் நாடு கண்ணிவெடியற்றதென அறிவிக்கப்பட்டது. 22 ஆண்டுகள்! பொறுமையோடு கொடுக்கப்பட்ட நிதி எத்தகைய கனி தரும் என்பதற்கு இதுவே தக்க சான்று.

4. துப்பாக்கியும் தையல் இயந்திரமும்

ஐக்கிய நாடுகள் பணிக்குழு ஏறத்தாழ 1,90,000 ஆயுதங்களைத் திரட்டிற்று. எனினும் அவற்றுள் அழிக்கப்பட்டவை சிலவே. புதைத்து வைக்கப்பட்டவையோ எண்ணற்றவை. குழு வெளியேறியபின், பேராயர் செங்குலானேயின் தூண்டுதலால் 1995-இல் கிறிஸ்தவ மன்றம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 'ஆயுதங்களை மண்வெட்டிகளாக மாற்றுதல்' என்பது அதன் பெயர். ஏசாயா 2-ஆம் அதிகாரத்திலும் மீகா 4-ஆம் அதிகாரத்திலும் நாம் வாசிக்கும் தரிசனம் அங்கு ஓர் அலுவலகமும் பதிவேடும் கொண்ட பணியாயிற்று. துப்பாக்கியைக் கொணர்வோருக்குத் தையல் இயந்திரம், மிதிவண்டி, மண்வெட்டி, கூரைத் தகடு போன்றவை வழங்கப்பட்டன. ஒரு சிற்றூரார் 500 துப்பாக்கிகளை ஒப்படைத்து ஒரு டிராக்டர் பெற்றனர் என்பர். கொணர்ந்தவரின் பெயரையோ பின்னணியையோ எவரும் துருவவில்லை. ஜப்பான், கனடா முதலிய நாடுகளின் அரசுகள் இதற்குப் பொருளுதவி செய்தன.

அறுத்துத் துண்டாக்கப்பட்ட துப்பாக்கிகளை மபூடோவின் கலைஞர்கள் சிற்பங்களாக்கினர். கெஸ்தர் என்னும் கலைஞர் 2001-இல் அவற்றைக்கொண்டு செய்த அரியணை இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதிலுள்ள துப்பாக்கிகளில் ஒன்றேனும் ஆப்பிரிக்காவில் செய்யப்பட்டதன்று. ஐரோப்பாவிலிருந்தும் வட கொரியாவிலிருந்தும் வந்தவை அவை. போரின் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதை அவ்வரியணை வாய்திறவாமல் கூறுகின்றது. நிறவெறி ஆட்சி நீங்கிய தென்னாப்பிரிக்காவும் 1995 முதல் தன் காவல்துறையினரை அனுப்பி, மொசாம்பிக் காவல்துறையுடன் இணைந்து, புதைந்துகிடந்த ஆயுதங்களைத் தோண்டியெடுத்து அழித்தது. மனந்திரும்புதல் ஓர் அரசின் செயலிலும் தென்படக்கூடும் என்பதற்கு இதனை எடுத்துக்காட்டலாம்.

5. நிதி காணாத இடம்

1994-க்குப்பின் மொசாம்பிக் 'வெற்றி பெற்ற நாடு' எனப் புகழப்பட்டது. அப்புகழே பின்னர் இடறலாயிற்று. 1992-இலேயே பொதுமன்னிப்புச் சட்டம் நிறைவேறியதால், போர்க்குற்றங்களை எவரும் விசாரிக்கவில்லை. படைப்பட்டியலில் பெயரில்லாத பெண்களும் சிறுவரும் உதவித்தொகை பெறவில்லை. ரெனாமோவின் ஒரு பகுதி வீரர் ஆயுதத்துடனேயே இருந்தனர். 2013-இல் சண்டை மீண்டது. 2013-14-இல் அரசைச் சார்ந்தோர் நாடாளுமன்றம் அறியாமல் ஏறத்தாழ 200 கோடி டாலர் கடன் பெற்றது 2016-இல் வெளிப்பட்டபோது, அயலரசுகள் தம் நேரடி நிதியுதவியை நிறுத்தின. டிலகாமா 2018-இல் இறந்தார். 2019 ஆகஸ்டில் மற்றோர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. எஞ்சியிருந்த 5,221 ரெனாமோ வீரரை விடுவிக்கும் பணி 2023 ஜூனில்தான் முடிந்தது. முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகி 30 ஆண்டுகளுக்குப்பின்!

இதற்கிடையே, நாட்டின் வடகோடியிலுள்ள காபோ டெல்காடோ மாநிலத்தில் புதிய தீ மூண்டது. 2009-10-இல் அங்கு மாணிக்கக் கற்களும், கடலடியில் பேரளவு எரிவாயுவும் கண்டறியப்பட்டன. ஆனால் அம்மண்ணின் மக்கள் ஏழைகளாகவே இருந்தனர். கையால் கல் தோண்டிப் பிழைத்தோர் துரத்தப்பட்டனர். தீவிரவாதக் குழுவொன்று இளைஞரை ஈர்த்து வருவதை உள்ளூர் இஸ்லாமியப் பெரியோர் முன்னரே கண்டு அதிகாரிகளிடம் முறையிட்டனர். அவர்கள் எச்சரிக்கை உரிய காலத்தில் செவியேறவில்லை. 2017 அக்டோபர் 5 அன்று மொசிம்போவா டா பிராயா நகரம் தாக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், 2022-இல் அகதிகளின் தொகை ஏறத்தாழ 10 இலட்சத்தை எட்டியது.

பணம் அதன்பின் விரைந்து வந்தது. 2021-இல் பால்மா நகரம் வீழ்ந்து எரிவாயுத் திட்டம் நின்றபின், ருவாண்டா படையை அனுப்பியது. அப்படைக்கென ஐரோப்பிய ஒன்றியம் 2022-இலும் 2024-இலும் தலா 2 கோடி யூரோ ஒதுக்கியது. அமெரிக்கா தன் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பத்தாண்டுத் திட்டத்திற்கான நாடுகளில் ஒன்றாக 2022-இல் மொசாம்பிக்கைத் தெரிந்துகொண்டது. ஆனால் 2025-இல் அவ்வரசு தன் வெளிநாட்டு வளர்ச்சி நிறுவனத்தையே மூடிவிட்டது. பத்தாண்டுப் பொறுமையை அறிவித்த அரசு மூன்றாண்டில் கையை மடக்கிற்று. வடக்கில் தாக்குதல்கள் 2025-இலும் ஓயவில்லை.

முடிவுரை

மாணவரின் வினாவிற்கு மீண்டும் வருவோம். சமாதானத்தை விலைக்கு வாங்க முடியுமா? மொசாம்பிக் வரலாறு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை கூறவில்லை. சமாதானத்தை விரும்புவோருக்குப் பணம் வழி அமைக்கும். அவ்விருப்பத்தை அது பிறப்பிக்காது. முகாமையும் உதவித்தொகையையும் டிராக்டரையும் பணம் தரும். ந்தாவு மொழியில் பேசிய பேராயரின் சொல்லை அது தராது. செலவைக் குறைத்தால் போர் திரும்பும் என்று அங்கோலா காட்டியது. செலவு செய்தபின் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் போர் திரும்பும் என்று மொசாம்பிக் காட்டியது.

நல்ல சமாரியன் உவமையில் நாம் பெரும்பாலும் கவனியாத ஒரு செய்தி உண்டு. அவன் காயங்களைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். அதோடும் நில்லாமல், திரும்பி வந்து எஞ்சிய செலவைத் தீர்ப்பதாகவும் வாக்களித்தான் (லூக்கா 10:35). முதலில் கை, பின்னர் பணம், அதன்பின் திரும்பி வருவேன் என்ற உறுதி. இம்மூன்றும் சேர்ந்தபோது மொசாம்பிக்கில் துப்பாக்கிகள் மௌனமாயின. மூன்றாவது தவறியபோது அவை மீண்டும் பேசின. ஆகவே பணத்தை இகழ்ந்து பேசும் உரிமை நமக்கில்லை. திரும்பி வராத பணத்தைக் கேள்வி கேட்கும் கடமையோ நமக்குண்டு.

இவ்வரலாறு நம்மையும் கேள்வி கேட்கின்றது. குடிசைகள் எரிந்தபின் அரிசி மூட்டையுடன் சென்ற ஆயர்களில் நாமும் ஒருவராக இருந்திருக்கிறோம். எரிவதற்குச் சில மாதங்கள் முன்னரே அவ்வூர்க் கிணற்றடியில் எழுந்த கசப்பான சொற்கள் நம் காதிலும் விழுந்திருந்தன. அன்று நமக்கு நிதி தேவைப்படவில்லை. செவி மட்டுமே தேவைப்பட்டது. அதை நாம் கொடுக்கவில்லை. காபோ டெல்காடோவின் பெரியோர் கூறியதைக் கேளாத அதிகாரிகளைப்பற்றி வாசிக்கும்போது, இந்நினைவு நம்மைவிட்டு அகலுவதில்லை.

நிதி பெரும்பாலும் தீக்குப்பின் வருகின்றது. தீக்குமுன் அவ்விடத்தில் இருப்பவர்கள் ஊர் மக்களும், அவர்கள் நடுவே வாழும் போதகருமே. 'பேசுங்கள்' என்று சொல்வது துரோகமெனக் கருதப்பட்ட நாளில் அச்சொல்லைச் சொன்ன மொசாம்பிக் திருச்சபையாரின் துணிவை, இன்று இறையியல் பயில்வோருக்கும் ஆயர் பணி ஆற்றுவோருக்கும் ஆண்டவர் அருள்வாராக.